குதிகால் மெலனோமா அறுவை: எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எதற்குப் பின் எது?

#1 முதுகலை_3

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலரும் தடுமாறுகிற இடம் இது. பாடநூல்கள் முதுகிலும் கெண்டைக்காலிலும் வரும் மெலனோமாவை (தோலின் நிறமிச் செல்களில் கிளம்பும் புற்று) மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்மூரில் அது அதிகம் வருவது உள்ளங்காலில், குதிகாலில், நகத்துக்கு அடியில். விவாதத்துக்காக ஒரு மாதிரி கேஸை வைக்கிறேன்.

வயது 58, விவசாய வேலை, சர்க்கரை உண்டு. வலது குதிகாலின் நடுவில், சற்றே வெளிப்பக்கமாக, 3 × 2.5 செ.மீ. அளவில் கருப்புத் திட்டு. நடுவே ஆறாத ரணம். கால் ஆணி என்று நினைத்து இரண்டு முறை சீவி, கார்ன் கேப்பும் ஒட்டியிருக்கிறார்கள். தொடை இடுக்கில் நெறி (வீங்கிய நிணநீர்க்கணு) தட்டுப்படவில்லை. 4 மி.மீ. பஞ்ச் பயாப்சியில் (வட்டக் கத்தியால் குடைந்தெடுத்த துண்டு) ஏக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா (உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வரும் வகை), பிரெஸ்லோ தடிமன் (கட்டி மேல்தோலிலிருந்து இறங்கிய ஆழம்) 2.8 மி.மீ., அல்சரேஷன் (கட்டியின் மேல்தோல் அழிந்த ரணம்) உண்டு.

எத்தனை செ.மீ. சுற்றி வெட்டுவது? நிணநீர்க்கணுவை எப்போது பார்ப்பது? குதிகாலில் விழும் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது? பெரியவர்கள் படிப்படியாக எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 தோல்_ஓபி

அறுவைக்குப் போகும் முன் பயாப்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதிக் கேஸ்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

உள்ளங்காலில் கருப்பாக இருப்பதெல்லாம் மெலனோமா இல்லை. நம் நிறத் தோலில் பாதத்தில் சிதறலான பழுப்புத் திட்டுகள் இயல்பு; பல விரல் நகங்களில் மெல்லிய கோடுகளும் இயல்பு. டெர்மோஸ்கோப்பை (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி) வைத்தால் வித்தியாசம் தெரியும். உள்ளங்காலில் கைரேகை மாதிரி வரப்பும் வாய்க்காலும் உண்டல்லவா? நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வரப்பின் மேல் பட்டையாக ஏறியிருந்தால் மெலனோமா என்று சந்தேகப்பட வேண்டும். வரப்பின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், அவை வியர்வைச் சுரப்பியின் வாய்கள். அவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் எது வரப்பு என்று குழப்பம் வராது. ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் வகுத்துத் தந்த அளவுகோல் இது. அமைப்பு தெளிவாக இல்லாமல் 7 மி.மீ.க்கு மேல் அகலமிருந்தால் பயாப்சி எடு என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

சின்னத் திட்டு என்றால் 1 முதல் 3 மி.மீ. ஓரம் விட்டு முழுசாக எடுப்பதே சரி. 3 செ.மீ. திட்டைக் குதிகாலில் அப்படி எடுக்க முடியாது. அங்கே பஞ்ச் செய்யலாம், ஆனால் கொழுப்பு வரை முழு ஆழத்துக்கு. மிகவும் தடித்து மேடான இடத்தில் ஒன்று, கருமை அதிகமான இடத்தில் ஒன்று என்று எடுங்கள். ரணத்தின் நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும். மேலோட்டமாகச் சீவி அனுப்பினால் கட்டியின் அடி அறுபட்டுப்போகும். தடிமன் என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை நோயாளி என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நிறமே இல்லாத மெலனோமா உண்டு. இளஞ்சிவப்பாக, சதை வளர்ந்த புண்ணாக இருக்கும். சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டு மாற்றுவார்கள். அழுத்தம் குறைத்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, இரத்த ஓட்டமும் நன்றாக இருந்து, அப்படியும் ஆறாத பாதப் புண்ணின் ஓரத்தைப் பயாப்சி எடுக்காமல் விடவே கூடாது. எருக்கம்பால், கார்ன் கேப் ஆசிட், சூட்டுக்கோல் எது வைத்திருந்தாலும் பயாப்சிச் சீட்டில் எழுதுங்கள். அல்சரேஷனைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

#3 நோய்க்குறி_மேசை

தோல்_ஓபி மேடம் கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டி தானாக மேல்தோலைத் தின்று உண்டாக்கிய ரணம் வேறு, பிளேடு கீறிய ரணம் வேறு. முதலாவதுதான் நிலையை உயர்த்தும். சீவிய வரலாறு சீட்டில் இல்லையென்றால் எல்லாமே அல்சரேஷன் என்று போய்விடும்.

பிரெஸ்லோவை அளப்பதில் உள்ளங்காலுக்கென்றே மூன்று பொறிகள் உண்டு. அளவு தொடங்குவது மேல்தோலின் சிறுமணி அடுக்கின் உச்சியில். அதற்கு மேலே தடித்துக் கிடக்கும் கெட்டித் தோலைச் சேர்க்கக் கூடாது. குதிகாலில் அதைச் சேர்த்து அளந்தால் மெல்லிய கட்டிகூடத் தடித்த கட்டியாகத் தெரியும். ரணமிருந்தால் ரணத்தின் அடித்தளத்திலிருந்து அளவு. மெலனோமா செல்கள் வியர்வை நாளத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது இங்கே சகஜம். நாளத்துக்குள்ளேயே இருக்கும்வரை அது ஊடுருவல் ஆகாது, அந்த ஆழத்தைத் தடிமனாக எழுதக் கூடாது.

மாதிரி கேஸில் 2.8 என்பதை "குறைந்தபட்சம் 2.8" என்று படியுங்கள். 3 செ.மீ. கட்டியில் 4 மி.மீ. துண்டுதான் பார்த்திருக்கிறோம். முழுக் கட்டி வந்தபின் தடிமன் கூடலாம், குறையாது. ஏ.ஜே.சி.சி. (புற்றின் நிலையைப் பகுக்கும் அமெரிக்கக் கையேடு) 8-ஆம் பதிப்பின்படி 2 மி.மீ.க்கு மேல் 4 வரை டி3 (டி என்பது கட்டியின் தடிமனுக்கான தரம்). அல்சரேஷன் இருப்பதால் டி3பி. கணுவில் ஒன்றும் இல்லையென்றால் நிலை 2பி.

அறிக்கையில் தடிமனும் ரணமும் மட்டும் போதாது. சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை மைட்டோசிஸ் (பிரியும் செல்), நுண்குழாய்க்குள் செல் உண்டா, நரம்பைச் சுற்றி ஓடுகிறதா, பக்கத்தில் தனித்தீவாக மைக்ரோசாட்டலைட் உண்டா, பக்க ஓரமும் அடி ஓரமும் எத்தனை மி.மீ. தள்ளி என்றெல்லாம் வரவேண்டும். இல்லாவிட்டால் அறுவை மருத்துவர் போன் போட்டுக் கேளுங்கள். மைக்ரோசாட்டலைட் ஒன்று இருந்தாலே நிலை 3 ஆகிவிடும்.

#4 புற்றறுவை

அகலத்துக்கு வருவோம்.

1907-இல் லண்டனில் வில்லியம் சாம்ப்சன் ஹேண்ட்லி, மெலனோமாவில் இறந்த ஒரே ஒரு நோயாளியின் உடலை ஆராய்ந்து, நிணநீர் வழியாகக் கட்டி எவ்வளவு தூரம் பரவுகிறது என்று விரிவுரை ஆற்றினார். அதிலிருந்து கிளம்பியதுதான் 5 செ.மீ. விதி. பல பத்தாண்டுகள் உலகமே அப்படி வெட்டியது. 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ தடிமனை அளக்கச் சொன்ன பிறகுதான், எல்லாக் கட்டிக்கும் ஒரே அகலம் எதற்கு என்ற கேள்வியே வந்தது.

இப்போது கையாளும் அளவுகள்: மேல்தோலைத் தாண்டாத இன்-சிட்டுவுக்கு 0.5 முதல் 1 செ.மீ.; 1 மி.மீ. வரை 1 செ.மீ.; 1 முதல் 2 மி.மீ. வரை 1 முதல் 2 செ.மீ.; 2 மி.மீ.க்கு மேல் எவ்வளவு தடித்தாலும் 2 செ.மீ. நம் கேஸுக்கு 2 செ.மீ.

இந்த 2 செ.மீ. என்பது கத்தி வைக்கும் முன் தோலில் ஸ்கேல் வைத்து அளக்கும் தூரம். வெட்டி எடுத்த துண்டு சுருங்கும், பார்மலினில் இன்னும் சுருங்கும். நோய்க்குறி அறிக்கையில் 1.5 செ.மீ. என்று வந்தால் பதற வேண்டாம், ஓரத்தில் கட்டி இல்லையா என்பதே கேள்வி.

குறிப்பது இப்படி. மயக்கம் கொடுக்கும் முன்பே, நல்ல வெளிச்சத்தில், பாதத்தை ஸ்பிரிட்டால் துடைத்து ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். காய்ந்த தடித்தோலின் கீழ் மங்கிய நிறம் ஈரத்தில் தெளியும். கூடவே டெர்மோஸ்கோப் பிடியுங்கள். கண்ணுக்குக் கருப்பு முடியும் இடத்துக்கு வெளியிலும் வெளிறிய பழுப்பு வரப்பின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஏக்ரல் வகையின் குணமே அதுதான். அந்தப் பழுப்பு முடியும் இடத்தில் பேனாவால் நெருக்கமாகப் புள்ளி வைத்துச் சுற்றுங்கள். கடிகார முகம் மாதிரி 12 இடங்களில் அந்தப் புள்ளியிலிருந்து வெளியே 2 செ.மீ. அளந்து, இணைத்துக் கோடு போடுங்கள். கோணல்மாணலான கட்டிக்கு நடுப்புள்ளியிலிருந்து காம்பஸ் வட்டம் போட்டால் ஒரு பக்கம் 2.5, மறுபக்கம் 1.2 என்று ஆகிவிடும். ஒழுங்காகப் போட்டால் 3 × 2.5 கட்டிக்கு 7 × 6.5 செ.மீ. பள்ளம் விழும். அதைப் பார்த்து மனசு கலங்கி வெளிக்கோட்டை உள்ளே இழுக்கிறவர்கள்தான் அதிகம்.

ஆழம்: தோல், அதன் கீழ்க் கொழுப்பு முழுதும், பிளான்டார் ஃபேஷியா (உள்ளங்காலின் கெட்டி நார்ப்படலம்) வரை. ஃபேஷியாவைத் தொட்டுக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ கட்டி இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். குதிகால் கொழுப்பு நார்த்தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். கையால் பிரித்தால் தளம் கிடைக்காது. கத்தியை நேர்க்குத்தாக இறக்குங்கள். சாய்த்து உள்நோக்கி வெட்டினால் மேலே 2 செ.மீ. இருக்கும், அடியில் 1 செ.மீ.கூட மிஞ்சாது.

#5 முதுகலை_3

நன்றி சார். எடை தாங்கும் இடத்தில் 1 செ.மீ. போதும் என்று சிலர் சொல்கிறார்களே? அதற்கு ஆதாரம் உண்டா?

#6 புற்றறுவை

ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் உனக்கே புரியும். வெரோனேசி குழு 1988-இல் வெளியிட்ட உலகச் சுகாதார நிறுவன ஆய்வில் 2 மி.மீ. வரையுள்ள 612 பேருக்கு 1 செ.மீ.யும் 3 செ.மீ.யும் ஒப்பிட்டார்கள், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. சுவீடன், டென்மார்க் உள்ளிட்ட நாடுகளின் ஆய்வு 2011-இல் வந்தது. 2 மி.மீ.க்கு மேல் தடித்த 936 பேர், 2 செ.மீ.க்கும் 4 செ.மீ.க்கும் இடையே வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 2 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள 900 பேருக்கு 1 செ.மீ.யும் 3 செ.மீ.யும், 1 செ.மீ. குழுவில் அக்கம்பக்கத்தில் திரும்ப வருவது அதிகம். நீண்டகால முடிவு 2016-இல் வந்தபோது மெலனோமாவால் இறப்பதும் அந்தக் குழுவில் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே தடித்த கட்டிக்கு 1 செ.மீ. போதும் என்று இன்றைக்குச் சொல்ல வழியில்லை. 1-ஆ 2-ஆ என்பதை நேரடியாக ஒப்பிடும் மெல்மார்ட்-2 ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும்.

இவற்றில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள், கட்டி உடம்பிலும் கைகாலிலும். உள்ளங்கால் மிகச் சொற்பம். நமக்கென்று தனி விடை இல்லை என்பதற்காக அகலத்தைக் குறைப்பது நியாயம் ஆகாது. குறைக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற இடம் விரல் இடுக்கு, காது, இமை ஓரம். குதிகாலில் மூடுவதற்கு வழி இருக்கிறது, அங்கே குறைக்காதே.

#7 காமா_கண்

அகல வெட்டுக்கு முன்னால் என் வேலை, அதாவது சென்டினல் கணுவை (கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு) படமெடுத்துக் குறிப்பது, முடிந்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு முதலில் கட்டியை வெட்டி ஃபிளாப்பும் (இரத்தக்குழாயோடு திருப்பி மூடும் தோல்) போட்டபிறகு "சென்டினல் பாருங்கள்" என்று அனுப்பினால், நிணநீர் ஓடிய பழைய வழியே இருக்காது. வருகிற விடை நம்பத்தக்கதும் அல்ல.

யாருக்கு: 0.8 மி.மீ.க்குக் குறைந்து ரணமில்லாத கட்டிக்கு வேண்டாம். 0.8 முதல் 1 மி.மீ. வரையோ, அதற்குக் குறைந்து ரணமிருந்தாலோ, நோயாளியோடு பேசி முடிவு செய்யலாம். 1 மி.மீ.க்கு மேல் கண்டிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த முறையை 1992-இல் நீலச் சாயம் வைத்து விளக்கிக் காட்டியவர் டொனால்ட் மார்ட்டன்.

எப்படி: அறுவை நாள் காலையில் டெக்னீசியம்-99எம் (கதிரியக்கப் பொருள்) சேர்த்த கொல்லாய்ட் (நுண்துகள் கரைசல்), மொத்தம் சுமார் 0.5 மில்லிக்யூரி, முந்தின நாளே போடுவதானால் 1 மில்லிக்யூரி, ஏனெனில் அதன் கதிர் 6 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும். நான்கு சிரிஞ்சில் தலா 0.1 மி.லி. கட்டியின் ஓரத்திலிருந்து அரை செ.மீ.க்குள் நான்கு திசையில், தோலுக்குள். ஊசி முனை மேல்நோக்கி, கிட்டத்தட்டப் படுக்கையாக நுழைய வேண்டும். வெளிறிய கொப்புளம் எழும்பினால்தான் சரி. குதிகாலில் கெட்டித்தோல் தடிப்பாக இருப்பதால் ஊசி அந்தக் கெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். அழுத்தினால் இறங்காது, பக்கவாட்டில் கசியும். மாறாகச் சுலபமாக இறங்கினால் கொழுப்பில் இருக்கிறோம் என்று அர்த்தம், கணுவுக்குப் போகாது. கடுமையாக வலிக்கும் ஊசி இது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்ட நிமிடத்திலிருந்தே கதிரைப் படமெடுக்கும் காமா கேமரா ஓடட்டும். பாதத்திலிருந்து தொடை இடுக்குக்குத்தான் பெரும்பாலும் போகும். ஆனால் இந்தக் கேஸ் மாதிரி வெளிப்பக்கக் குதிகாலிலிருந்து சிறிய சஃபீனஸ் சிரையை ஒட்டி மேலேறி முழங்கால் குழியில் நிற்கும் கணு உண்டு. முழங்காலைப் படம் எடுக்காமல் நேரே இடுப்புக்குப் போனால் அதைத் தவறவிடுவோம். இரண்டு இடத்திலும் கணு தெரிந்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். ஸ்பெக்ட்-சி.டி. (காமா படத்தை சி.டி.யோடு சேர்க்கும் ஸ்கேன்) இருந்தால் ஆழமும் பக்கமும் தெளிவாகும். இல்லையென்றால் தோலில் மார்க்கரால் சிலுவைக் குறி போட்டு, கால் எந்த நிலையில் இருக்கும்போது குறித்தது என்றும் எழுதி அனுப்புங்கள். காலைத் திருப்பினால் குறி நகரும்.

யானைக்கால் வீக்கமோ, பழைய நெறிக்கட்டு ஆபரேஷன் தழும்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நிணநீர் வேறு வழி பிடித்திருக்கும், படம் எடுக்கும் நேரத்தையும் நீட்ட வேண்டும்.

#8 புற்றறுவை

தியேட்டரில் வரிசை: மயக்கத்துக்குப் பின் நீலச் சாயம் 1 மி.லி. போல, வெட்டப்போகும் தோலுக்குள்ளேயே. நம்மூரில் கிடைப்பது மெத்திலீன் புளூ. தோலுக்குள் போட்டால் அந்தத் தோல் அழுகும் ஆபத்து உண்டு, ஆகவே 2 செ.மீ. கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது. மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், செரட்டோனின் சிண்ட்ரோம் (மூளையில் செரட்டோனின் மிகுந்து வரும் ஆபத்து) வரலாம். சாயம் ஏறியதும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் திடீரென்று குறைத்துக் காட்டும். மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவைப்பது மரியாதை.

10 நிமிடம் தேய்த்துவிட்டு, மல்லாந்த நிலையில் முதலில் தொடை இடுக்கு. காமா புரோப்பால் (கதிரை எண்ணும் கைக்கருவி) சூடான, அதாவது கதிர் அதிகமுள்ள, புள்ளியைத் தேடி, அதன் மேல் 3 செ.மீ. வெட்டு. பின்னால் முழுக் கணு நீக்கம் தேவைப்பட்டால் அந்த வெட்டோடு சேரும்படி இருக்கட்டும். சூடானது, நீலமானது, விரலுக்குக் கெட்டியாகப் படுவது எல்லாம் வெளியே வரவேண்டும். வெளியே எடுத்து எண்ணுங்கள். முதல் கணு 10 விநாடிக்கு 2400 என்று காட்டினால் 240-க்கு மேல் காட்டும் எதுவும் உள்ளே மிஞ்சக் கூடாது. இதுதான் 10 சதவீத விதி. தோளில் கட்டி, அக்குளில் கணு என்றால் கட்டியின் கதிர் புரோப்பை ஏமாற்றும். குதிகாலுக்கும் தொடைக்கும் தூரம் அதிகம், அந்தத் தொல்லை இல்லை. நிணக்குழாய்களைக் கிளிப்போ கட்டோ போடாமல் சுட்டுவிட்டுப் போனால் அடுத்த வாரம் நீர் கோத்து நிற்கும்.

முழங்கால் குழியிலும் கணு இருந்தால் பிறகு குப்புறப் போட்டு, மடிப்பைக் குறுக்காகக் கடக்கும் வளைந்த வெட்டு. நேர்க்கோடாக மடிப்பைக் கடந்தால் தழும்பு இழுத்து முழங்கால் நீளாது. டிபியல் நரம்பும் சூரல் நரம்பும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன, பார்த்து.

கட்டி கடைசியில். அதற்கு முன் கையுறை, கத்தி, இடுக்கி, மேல்விரிப்பு அனைத்தையும் மாற்றுங்கள். தோல் எடுக்கப்போகும் தொடைக்கும் இன்னொரு செட்.

#9 நோய்க்குறி_மேசை

துண்டைத் தெர்மாகோல் பலகையில் விரித்து ஊசி குத்தி அனுப்புங்கள், சுருளாது. விரல் பக்கம் ஒரு குட்டைத் தையல், வெளிப்பக்கம் ஒரு நீளத் தையல். "12 மணி" என்று மட்டும் எழுதினால் பாதத்தில் எது 12 என்று யாருக்கும் தெரியாது, படம் வரைந்து அனுப்புங்கள். பார்மலின் துண்டைப்போல் பத்து மடங்கு. ஊறுகாய் பாட்டிலில் திணித்து அனுப்புகிற வழக்கம் இன்னும் போகவில்லை. நடுப்பகுதி அழுகிப்போய் மைட்டோசிஸும் எண்ண முடியாது, ஸ்டெயினும் பிடிக்காது.

சென்டினல் கணுவுக்கு ஃப்ரோசன் (அறுவை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் பரிசோதனை) கேட்காதீர்கள். இயந்திரத்தில் சீவிச் சமன்படுத்துவதிலேயே நுண்ணிய கட்டி காணாமல் போகும். 2 மி.மீ. பட்டைகளாக அறுத்து, பல தளத்தில் வெட்டி, எஸ்-100 அல்லது சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 என்ற நிறமிச் செல்லைக் காட்டும் சாயங்கள் போட்டுத்தான் சொல்ல வேண்டும். கணுவின் உறையில் சாதாரண மச்சச் செல்கள் ஒட்டியிருப்பது உண்டு, அதைப் பரவல் என்று எழுதிவிட்டால் நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து போகும். உறைக்குள்ளா, கணுவின் உள்வெளியிலா என்ற இடமும், எச்.எம்.பி.-45, ப்ரேம் இரண்டு சாயமும் பிடிக்காததும் மச்சத்தைக் காட்டிக்கொடுக்கும்.

#10 ஒட்டுத்தோல்

இனி மூடுதல். 7 × 6.5 செ.மீ. பள்ளம், எடை தாங்கும் குதிகால், அடியில் ஃபேஷியா.

தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டலாம், பிடிக்கும். ஆனால் நடந்தால் கிழியும், ஓரத்தில் கெட்டி கட்டும், வெடிக்கும், மறுபடி புண்ணாகும். அந்தப் புண்ணையும் கட்டி திரும்ப வந்ததையும் பிரித்தறிவது பெரும்பாடு. எடை படாத பாத வளைவுக்கு மெல்லிய ஒட்டு அருமையான வழி. குதிகாலுக்கு மீடியல் பிளான்டார் ஃபிளாப்தான் (பாத வளைவின் உள்பக்கத் தோல்) முதல் தேர்வு. அதே உள்ளங்கால் தோல், அதே கெட்டி, உணர்ச்சியும் கூடவே வரும்.

போஸ்டீரியர் டிபியல் நாடியைக் கணுக்காலின் உள்பக்கம் டாப்ளரில் (இரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி) கேளுங்கள், பாதத்தின் மேல்புற நாடியையும். சர்க்கரைக்காரர் என்பதால் இது கட்டாயம். இரண்டில் ஒன்று அடைந்திருந்தால் ஃபிளாப்பைத் தொடாதீர்கள். பாத வளைவில் வரையும் ஃபிளாப் பெருவிரல் மூட்டின் அடிமேட்டையோ வெளி ஓரத்தையோ தொடக் கூடாது, அவை எடை தாங்கும் இடங்கள். விரல் பக்க ஓரத்தில் ஃபேஷியா வரை வெட்டி, அப்டக்டர் ஹாலுசிஸுக்கும் ஃப்ளெக்சர் டிஜிடோரம் பிரெவிஸுக்கும் (இரண்டும் உள்ளங்கால் தசைகள்) நடுவே இரத்தக்குழாயைக் கண்டுபிடித்து, முன்முனையைக் கட்டி, ஃபேஷியாவையும் அந்த இடைச்சுவரையும் ஃபிளாப்போடு சேர்த்தே பின்னோக்கி எழுப்புங்கள். இடைச்சுவரில்தான் தோலுக்கு ஏறும் கிளைகள் இருக்கின்றன. அதை உரித்துவிட்டால் ஃபிளாப் செத்துவிடும். விரல்களுக்குப் போகும் நரம்பிலிருந்து தோலுக்கான இழைகளைப் பிரித்து எடுக்கலாம், அவசரம் கூடாது. பின்னால் திருப்பிப் பள்ளத்தில் வைத்ததும் வளைவில் விழும் குழிக்கு மெல்லிய தோல், 0.3 முதல் 0.4 மி.மீ.; எதிர்ப்பக்கத் தொடையிலிருந்து எடுங்கள்.

இந்தக் கேஸில் கட்டி சற்றே வெளிப்பக்கம் என்பது அதிர்ஷ்டம். உள்பக்கமாக இருந்திருந்தால் 2 செ.மீ. கோடே குழாய் வரும் பாதையில் போய் விழுந்திருக்கும். அப்போது ஃபிளாப்புக்காகக் கோட்டை நகர்த்தாதீர்கள், ஃபிளாப்பை மாற்றுங்கள். தூரத்திலிருந்து ஃப்ரீ ஃபிளாப் (குழாயை வெட்டி இங்கே மறுபடி இணைக்கும் தோல்) கொண்டுவரலாம். கெண்டைக்காலிலிருந்து திருப்பும் ரிவர்ஸ் சூரல் ஃபிளாப்பும் உண்டு. ஆனால் அது கட்டியிலிருந்து நிணநீர் மேலேறும் அதே பாதையிலிருந்து எடுக்கும் தோல். மெலனோமாவில் அதைக் கடைசித் தேர்வாகத்தான் வைப்பேன்.

#11 முதுகலை_3

ஒரே நாளில் வெட்டி ஃபிளாப்பும் போட்டுவிடலாமா சார்?

#12 ஒட்டுத்தோல்

ஓரம் தெளிவாக இருந்தால் போடலாம். நோயாளிக்கு ஒரே மயக்கம், செலவும் குறைவு.

#13 நோய்க்குறி_மேசை

இதில் ஒட்டுத்தோல் டாக்டரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஏக்ரல் லென்டிஜினஸ் வகையில் பக்க ஓரத்தில் ஒற்றை ஒற்றைச் செல்லாக, கண்ணுக்கு நிறமே தெரியாமல், மேல்தோலின் அடி வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். அறுவை மேசையில் "தெளிவு" என்று யாராலும் சொல்ல முடியாது. பாராஃபின் அறிக்கைக்கு (துண்டை மெழுகில் பதித்துச் சீவிப் பார்ப்பது) ஒரு வாரம். அதற்குள் ஃபிளாப்பைத் திருப்பிவிட்டால், "வெளிப்பக்கம் 5 மணியில் இன்-சிட்டு தொடுகிறது" என்று நான் எழுதும்போது அந்த 5 மணி எங்கே இருக்கும்? ஃபிளாப்புக்கு அடியில் புதைந்திருக்கும். அது மட்டுமா, பாத வளைவு என்ற ஒரே நல்ல தோலும் செலவாகிவிட்டிருக்கும்.

#14 ஒட்டுத்தோல்

ஒத்துக்கொள்கிறேன். 3 செ.மீ., ரணமுள்ள, ஓரம் மங்கிய கட்டி. இதற்கு இரண்டு கட்டம்தான் நல்லது. முதல் நாள் வெட்டி, பள்ளத்தை ஈரக் கட்டிலோ செயற்கைத் தோல் உறையிலோ வைத்து, அறிக்கை வந்தபின் மூடலாம். வேக்யூம் கட்டை (உறிஞ்சும் கட்டு), புற்று மிஞ்சியிருக்கக்கூடும் என்ற சந்தேகமுள்ள பள்ளத்தில் போடாமல், ஓரம் தெளிந்தபின் போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் அடித்தளத்தில் சிவந்த சதை எழும்பி ஒட்டும் நன்றாகப் பிடிக்கும். ஃபேஷியா மேல் கொழுப்பு மிஞ்சிய சின்னப் பள்ளம் என்றால் மூடாமலே ஆறவிடுவதும் வழிதான். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் சுற்றியுள்ள உள்ளங்கால் தோல் நன்றாகவே சுருங்கி வரும்.

#15 கட்டுமாற்று

வார்டு பக்கம் இருந்து. ஒட்டின் மேல் கட்டிய பந்துக் கட்டை 5-ஆம் நாள் பிரியுங்கள். அதற்கு முன் நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே. பிரிக்கும்போது உலர்ந்த துணியை இழுக்காமல் சலைனில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஃபிளாப்பை முதல் 48 மணி நேரம் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். கருநீலமாகி, விரலால் அழுத்தி எடுத்தவுடன் சட்டென்று நிறம் திரும்பினால் இரத்தம் வெளியேறவில்லை. வெளிறிக் குளிர்ந்திருந்தால் இரத்தம் வரவில்லை. இரண்டுக்கும் டாக்டரைக் கூப்பிட வேண்டும், காலை ரவுண்டு வரை காத்திருக்கக் கூடாது. கால் தலையணை மேல் உயரமாக, ஆனால் குதிகால் எதிலும் படாமல், காற்றில் தொங்குகிற மாதிரி. தலையணை கெண்டைக்கு அடியில் இருக்கட்டும்.

மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், நீலச் சாயம்தான். சொல்லிவைக்காவிட்டால் குடும்பமே பயந்துபோகும்.

பாதம் ஊன்றுவது 3 வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. முழு எடை 6 வாரம் போல, டாக்டர் பார்த்தபின். அதுவரை வாக்கர். தினம் சர்க்கரை பாருங்கள்.

#16 முதுகலை_3

சென்டினல் கணுவில் கட்டி இருந்தால் தொடை இடுக்கை முழுதும் சுத்தம் செய்வதா?

#17 புற்றறுவை

முன்பு அப்படித்தான். எம்.எஸ்.எல்.டி-2 ஆய்வு 2017-இல் வந்தபின் மாறியது. முழுதும் நீக்கியவர்கள், அல்ட்ராசவுண்டால் கண்காணித்தவர்கள், இரு குழுவிலும் மூன்றாண்டில் மெலனோமாவால் இறக்காதவர்கள் 86 சதவீதம். நிணநீர் தேங்கும் வீக்கம் மட்டும் நீக்கியவர்களில் 24.1 சதவீதம், கண்காணித்தவர்களில் 6.3. ஜெர்மனியின் டிகாக் ஆய்வும் இதே பக்கம். ஆகவே முதல் இரண்டு ஆண்டு 4 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒரு முறை கணுப்பகுதிக்கு அல்ட்ராசவுண்ட், கூடவே துணை மருந்து (அறுவைக்குப் பின் கொடுப்பது) பற்றிய பேச்சு. ஒழுங்காக வந்து காட்டுவாரா என்பதையும் நோயாளியோடு உட்கார்ந்து பேசு. பேருந்து ஏறி அரை நாள் வரவேண்டியவருக்கு அல்ட்ராசவுண்ட் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்படி ஏற்பாடு செய்துகொடுத்தால்தான் கண்காணிப்பு என்ற சொல்லுக்கே பொருள்.

கையில் தட்டுப்படும் கணு வேறு விஷயம். முதலில் ஊசி வைத்து எஃப்.என்.ஏ.சி.; திறந்து பயாப்சி எடுத்து அந்த இடத்தைக் கலைக்காதே. பிறகு பெட்-சி.டி. (உடம்பெங்கும் பரவலைத் தேடும் ஸ்கேன்). அறுவைக்கு முன் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுப்பதே இப்போதைய போக்கு. 2024-இல் வந்த நாடினா ஆய்வில் 423 பேர். அறுவைக்கு முன் இப்பிலிமுமாப், நிவோலுமாப் இரண்டு சுற்று பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் 83.7 சதவீதம், முதலில் அறுவை செய்துகொண்டவர்களில் 57.2. ஏக்ரல் வகை இந்த மருந்துகளுக்குச் சற்றுக் குறைவாகவே மசியும் என்பதையும், செலவையும் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதன்பின் இடுக்கு நீக்கம் செய்யும்போது எல்லை: மேலே இங்குவைனல் லிகமென்ட் (இடுக்கின் நார்க்கட்டு), வெளியே சார்டோரியஸ் தசை, உள்ளே அடக்டர் லாங்கஸ் தசை. தோலை மெலிதாக உரிக்காதே, ஓரம் கருகும். பெருங்குழாய் திறந்து நின்றால் சார்டோரியஸ் தசையை மேலே அறுத்துத் திருப்பி அதன் மேல் போர்த்து. தோல் பிரிந்தாலும் குழாய் வெளியே தெரியாது. டிரெயின் நாளொன்றுக்கு 30 மி.லி.க்குக் கீழே வந்தபின் எடு.

#18 தோல்_ஓபி

நகத்தடி பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. ஒரே விரலில், அகலமாகிக்கொண்டே போகும் கோடு, நிறம் நகத்தைத் தாண்டி மடிப்புத் தோலில் பரவினால் பயாப்சி. கோடு கிளம்பும் இடமான நகவேரில்தான் எடுக்க வேண்டும். நகத்தட்டை மட்டும் வெட்டி அனுப்பினால் பயனில்லை. மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் முழுதும் வளர்ந்து போகும்வரை, அல்லது சுரண்டிவிட்டுப் பாருங்கள். இன்-சிட்டு என்றால் நகத்தையும் வேரையும் படுக்கையையும் எலும்பு வரை ஒரே துண்டாக எடுத்து முழுத்தடிமன் தோல் ஒட்டலாம், விரல் மிஞ்சும். ஊடுருவியிருந்தால் பல இடங்களில் நுனி எலும்போடு மூட்டில் வெட்டுவதுதான் நடைமுறை. ஊடுருவியவர்களிலும் விரலைக் காப்பாற்ற முடியுமா என்று ஜப்பானில் ஜே.சி.ஓ.ஜி. 1602 ஆய்வு பார்க்கிறது.

#19 கட்டுமாற்று

டிஸ்சார்ஜ் அன்று சொல்லிக்கொடுப்பது: குளித்தபின் தினமும் குதிகால் தழும்பிலிருந்து முழங்கால், தொடை வரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தோலுக்கடியில் பட்டாணி மாதிரி உருள்வது, புதிதாகக் கரும்புள்ளி, இடுக்கில் கெட்டியான நெறி, இவற்றில் எதுவானாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வரவேண்டும். குனிய முடியாதவருக்குக் கைக்கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைக் காட்டிப் பார்க்கப் பழக்குங்கள். செருப்பு எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை) ரப்பர் வைத்தது, பின்பக்கம் வார் உள்ளது. வயலுக்குப் போனாலும் வெறுங்கால் கூடாது. இரண்டு கெண்டைக்கால் சுற்றளவையும் அறுவைக்கு முன்பே டேப்பால் அளந்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள், முழங்கால் சில்லுக்குக் கீழே 10 செ.மீ.யில், அந்த எண் இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து வீக்கம் வந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.